கேள்வி பதில்: உதட்டை அசைக்க மறுத்தவர்கள்

இண்டி ராக், அதாவது பெரிய ரெக்கார்டு கம்பெனிகளைச் சாராமல் வளர்ந்த ராக் இசை, அதன் வீடியோக்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏதாவது ஓர் இண்டி ராக் வீடியோவை எடுத்து அதன் மரபுகளை அலசச் சொல்லி அசைன்மென்ட். நான் பார்த்த வரையில் நாலைந்து பேர் ஓர் அறையில் நின்று வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். இதில் எழுத என்ன இருக்கிறது? (மாணவி, திருச்சி)

நிறைய இருக்கிறது. நாலைந்து பேர் அறையில் நின்று வாசிக்கிறார்கள் என்று எழுதினீர்களே, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஏன் அறை, ஏன் நடனக்காரர்கள் இல்லை, ஏன் பாடகர் ஒரே சட்டையில் கடைசி வரை இருக்கிறார், ஏன் பாடகரின் முகத்துக்குச் சமமாக கிட்டார் வாசிப்பவரின் விரல்களுக்கும் க்ளோசப் கிடைக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போங்கள், எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்கும். 'இவர்கள் நம்மிடம் நடிக்கவில்லை' என்று பார்ப்பவரை நம்பவைப்பதுதான் இந்த வகை வீடியோவின் வேலை, மரபு என்று நாம் சொல்வதெல்லாம் அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கிற வழிகள். அப்படித்தான் நான் இவற்றைப் பார்க்கிறேன்.

தி ஸ்ட்ரோக்ஸ் என்ற நியூயார்க் குழுவின் 'லாஸ்ட் நைட்' வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் வந்தது, இயக்கியவர் ரோமன் கொப்போலா. பழைய டிவி நிகழ்ச்சி மேடை மாதிரி ஒரு செட், ஐந்து பேர், கதை கிடையாது. சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆல்பத்தில் இருக்கும் பாட்டையும் இந்த வீடியோவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு பதிவுகள் என்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும். ஆல்பம் பதிவை ஓடவிட்டு அதற்கு உதட்டை அசைக்க அந்தக் குழுவுக்கு மனமில்லை, அதனால் கேமராவுக்கு முன்னால் பாடி வாசித்ததையே ஒலியாக வைத்துவிட்டார்கள். நடுவில் ஒரு மைக் ஸ்டாண்ட் சரிந்து விழுகிறது, யாரும் நிறுத்தவில்லை, பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. வேறொரு வகை வீடியோவாக இருந்தால் அந்த டேக் குப்பைக்குப் போயிருக்கும். இங்கே எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து, பார்த்து, 'இது இருக்கட்டும்' என்று வைத்திருக்கிறார்கள். ஸ்டாண்ட் விழுந்தது தற்செயலாக இருக்கலாம். அதை வெட்டாமல் விட்டது ஒரு முடிவு. அசைன்மென்டில் ஒரு பக்கம் முழுக்க இந்த ஒரு விஷயத்துக்கே கொடுத்தாலும் தப்பில்லை.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஸ்ட்ரோக்ஸ் அமெரிக்காவில் ஆர்சிஏ என்ற பெரிய கம்பெனியில் இருந்தார்கள், பிரிட்டனில் ரஃப் ட்ரேட் என்ற சுயாதீனக் கம்பெனியில். அந்த மேடையும் திட்டம் போட்டுப் போட்ட செட்தான், ராக் குழுக்கள் டிவி ஸ்டூடியோவில் போய் நேரடியாக வாசித்த காலத்தை நினைவுபடுத்துவதற்கென்றே போட்டது. ஆக, குரல் நிஜம், இடம் ஜோடனை. இரண்டும் ஒரே வீடியோவில் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று எழுதினால் உங்கள் ஆசிரியர் நிச்சயம் நிமிர்ந்து உட்காருவார். 'எளிமையாக எடுத்திருக்கிறார்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்.

செய்முறைக்கு ஒரு யோசனை: முதல் தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை வினாடி, பாடகரின் கண் எங்கே இருக்கிறது, டிரம்ஸ் வாசிப்பவர் தெரிகிறாரா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒலியோடு பாருங்கள்.

உதட்டசைவை ஏன் இவ்வளவு பெரிய பாவமாக நினைக்கிறார்கள்? நம் சினிமாப் பாட்டில் பாடுவது ஒருவர், வாயசைப்பது ஒருவர், யாரும் கோபித்துக்கொள்வதில்லையே. (வாசகர், கோவை)

நமக்கு அது ஒப்பந்தம். பின்னணிப் பாடகரின் பெயர் டைட்டிலில் வருகிறது, திரையில் நிற்பவர் கதாபாத்திரம் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ராக்கில் பாடுகிறவர் கதாபாத்திரம் இல்லை, அவராகவே வந்து நிற்கிறார், அவர் சொல்வது அவருடைய வாழ்க்கை என்ற நம்பிக்கையில்தான் ரசிகர் காசு கொடுத்து ரெக்கார்டு வாங்குகிறார். 1981 ஆகஸ்டு 1ஆம் தேதி அமெரிக்காவில் பாட்டு வீடியோக்களுக்கென்றே எம்டிவி என்ற டிவி சேனல் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வீடியோ இல்லாமல் பாட்டு விற்க முடியாத நிலை வந்தது, சின்னச் சின்ன கிளப்புகளில் வாசித்து வளர்ந்த குழுக்களுக்கு இது பெரிய சங்கடம்.

அந்தச் சங்கடத்திலிருந்துதான் இந்த வகையின் நல்ல வீடியோக்கள் பல பிறந்தன. ஆர்.இ.எம். குழுவின் பாடகர் மைக்கேல் ஸ்டைப் 1984இல் 'சோ. சென்ட்ரல் ரெய்ன்' வீடியோவுக்கு உதட்டசைக்க மறுத்து, படப்பிடிப்பிலேயே புதிதாகப் பாடினார், மற்றவர்கள் வெள்ளைத் திரைகளுக்குப் பின்னால் நிழலாக நின்று வாசிக்கிற மாதிரி செய்தார்கள். பாடுபவர் மட்டும் நிஜமாகச் செய்கிறார், மற்றவர்கள் செய்யவில்லை என்பதால் அவர்களை மறைத்துவிடலாம் என்ற அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதே ஸ்டைப் 1991இல் 'லூசிங் மை ரிலிஜன்' பாட்டுக்கு உதட்டசைத்தார். அதை எடுத்தவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங்.

இன்னும் முரட்டுத்தனமான பதில் மினியாபொலிஸைச் சேர்ந்த தி ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு கொடுத்தது. 1985 ஆல்பத்தில் வந்த 'பாஸ்டர்ட்ஸ் ஆஃப் யங்' பாட்டுக்கு அவர்களுடைய வீடியோவில் தெரிவது ஒரு ஸ்பீக்கர் பெட்டி. கறுப்பு வெள்ளையில், கிட்டத்தட்டப் பாட்டு முழுக்க, அந்த ஸ்பீக்கர். ஒருவர் வந்து உட்கார்ந்து சிகரெட் பிடித்தபடி கேட்கிறார், முகம்கூடச் சரியாகத் தெரியாது, கடைசியில் எழுந்து ஸ்பீக்கரை உதைத்துவிட்டுப் போகிறார். முடிந்தது. வீடியோ கேட்டீர்கள், இந்தாருங்கள் என்று கொடுத்த மாதிரி. ஆனால் உட்கார்ந்து பாருங்கள், வேறெதுவும் இல்லாததால் காது எப்படிக் கூர்மையாகிறது என்று தெரியும்.

பாட்டின் வரிக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் எடுக்கிறார்களே, இதுவும் மரபா? (வாசகர், சேலம்)

ஆண்ட்ரூ குட்வின் என்ற ஆய்வாளர் இதை மூன்றாகப் பிரித்தார்: படம் வரியை அப்படியே காட்டலாம், வரிக்குப் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம், வரியோடு ஒட்டாமல் தனியாகப் போகலாம். மீடியா படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் இதை மனப்பாடம் செய்கிறார்கள். உபயோகமான கருவிதான். ஆனால் இண்டி வீடியோக்களில் இது பாதி தூரம்தான் கூட்டிக்கொண்டு போகும், ஏனென்றால் நல்ல வீடியோக்கள் பல வரியை விட்டுவிட்டு இசையோடு ஒட்டிக்கொள்கின்றன.

தி வைட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் 'தி ஹார்டஸ்ட் பட்டன் டு பட்டன்' (2003) பாருங்கள். டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜாக் வைட், மெக் வைட் என்று இரண்டே பேர், எப்போதும் சிவப்பு, வெள்ளை, கறுப்புதான் உடுத்துவார்கள். இயக்கியது பிரான்சைச் சேர்ந்த மிஷெல் கோண்ட்ரி. மெக் ஓர் அடி அடிக்கிறார், ஒரு டிரம் செட் முளைக்கிறது. அடுத்த அடிக்குப் பக்கத்தில் இன்னொன்று, அவரும் அதற்கு நகர்ந்திருக்கிறார். இப்படியே நியூயார்க் தெருக்களில் டிரம் செட்டுகள் வரிசையாக ஊர்ந்து போகின்றன. கம்ப்யூட்டர் வேலை என்று நினைப்பீர்கள். லுட்விக் கம்பெனியின் ஒரே மாதிரி 32 டிரம் செட்டுகளை நிஜமாகவே கொண்டுவந்தார்கள். முழு வரிசையையும் முதலில் அடுக்கி, மெக்கைக் கடைசி செட்டில் உட்காரவைத்து ஓர் அடி எடுப்பது, அந்த செட்டைத் தூக்கிவிட்டு அவரை ஒன்று பின்னால் நகர்த்தி அடுத்த அடி எடுப்பது, இப்படித் தலைகீழாக எடுத்துக்கொண்டு வந்து படத்தைத் திருப்பி ஓட்டினால் செட்டுகள் முளைக்கிற மாதிரி இருக்கும். வரி எதைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கட்டும், இந்த வீடியோ தாளத்தைப் பற்றியது. மெக்கின் டிரம்ஸ் வாசிப்பு ரொம்பச் சாதாரணம் என்று அந்தக் காலத்தில் ஏளனம் செய்தவர்கள் உண்டு. அந்த நேரான அடி எவ்வளவு பெரிய சுமையைத் தூக்குகிறது என்பதைக் கண்ணால் காட்டிவிட்டார் கோண்ட்ரி.

இதே கூட்டணியின் 'ஃபெல் இன் லவ் வித் எ கேர்ள்' (2002) முழுக்க லெகோ கட்டைகளில், ஒவ்வொரு ஃபிரேமாக அடுக்கி எடுத்தது. பாட்டு 2 நிமிடம்கூட இல்லை, உழைப்பை நினைத்துப் பாருங்கள். கையால் செய்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது இந்த வகையில் ஓர் அழுத்தமான மரபு.

படத்தில் புள்ளி புள்ளியாக, பழைய டேப் மாதிரி இருக்கிறதே, ஃபில்டரா? (வாசகி, யாழ்ப்பாணம்)

இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் ஃபில்டர்தான். ஆனால் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் 'ஐ பெட் யூ லுக் குட் ஆன் தி டான்ஸ்ஃப்ளோர்' (2005) வேறு, 1980களில் டிவி ஸ்டூடியோக்களில் இருந்த, கண்ணாடிக் குழாயால் படம் பிடிக்கும் இகேகாமி கம்பெனியின் டியூப் கேமராக்களைத் தேடிப்பிடித்து, நேரடியாக வாசிப்பதை எடுத்தார்கள். விளக்கு நகரும் இடத்தில் வெளிச்சம் வால் மாதிரி இழுபடுவது அந்த டியூபின் குணம். அதற்கு முன்னால் தி ஸ்மித்ஸ் குழுவுக்காக 1986இல் சினிமா இயக்குநர் டெரக் ஜார்மன், வீட்டுப் படம் எடுக்கப் பயன்பட்ட சூப்பர் 8 என்ற சின்ன ஃபிலிமில் எடுத்துக் கொடுத்தார். அது காசு குறைவு, கூடவே அவருடைய ரசனை.

இந்த வீடியோக்களில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள்? (வாசகி, மதுரை)

பெரிய பாப், ராப் வீடியோக்களில் பார்க்கிற மாதிரி உடம்பைத் துண்டு துண்டாகக் காட்டும் ஷாட்டுகள் இங்கே குறைவு, ஆனால் அதற்குக் காரணம் பல சமயம் பெண்களே படத்தில் இல்லாததுதான், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பெண்கள் கையில் கேமரா வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க தி ப்ரீடர்ஸ் குழுவின் 'கேனன்பால்' (1993) பாருங்கள். இயக்கியவர்கள் சோனிக் யூத் குழுவின் கிம் கார்டனும் இயக்குநர் ஸ்பைக் ஜோன்ஸும். ப்ரீடர்ஸின் பாடகி கிம் டீல் தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பாடுகிறார், ஒரு பீரங்கிக் குண்டு தெருவில் உருண்டுகொண்டே போகிறது. அழகாகக் காட்ட வேண்டும் என்ற கவலையே இல்லை, ஆனால் கண்ணை எடுக்க முடியாது.

ட்ரெட்மில் மேல் ஆடும் ஓகே கோ குழு பெரிய கம்பெனியில் இருந்ததாமே? அப்படியென்றால் அது எப்படி இண்டி? (வாசகர், சென்னை)

நியாயமான கேள்வி. 1980 ஜனவரியில் பிரிட்டனில் இண்டி விற்பனைப் பட்டியல் ஆரம்பித்தபோது பெரிய கம்பெனிகளின் விநியோகம் இல்லாமல் ரெக்கார்டு கடைக்கு வருகிறதா என்பதுதான் கணக்கு, இசை எப்படி இருந்தாலும் சரி. பிறகு அது ஒரு ஒலியின் பெயராகவும், அப்புறம் ஒரு தோற்றத்தின் பெயராகவும் ஆகிவிட்டது.

ஓகே கோ அப்போது கேபிட்டல் கம்பெனியில்தான் இருந்தார்கள். ஆனால் 2006இல் வந்த 'ஹியர் இட் கோஸ் அகைன்' வீடியோவை பாடகர் டேமியன் குலாஷின் அக்கா ட்ரிஷ் சீ தன் வீட்டில் வைத்து எடுத்தார். 8 ட்ரெட்மில், அசையாத ஒரு கேமரா, நடுவில் கட் இல்லாமல் ஒரே டேக், அது சரியாக வருவதற்குள் 17 டேக். அதற்கு 2007இல் கிராமி விருது கிடைத்தது. கட் இல்லை என்பதால்தான் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம், யாராவது கால் இடறினால் எல்லாமே போச்சு. 2010இல் அந்தக் குழு கம்பெனியை விட்டு வெளியே வந்து சொந்தமாக ஆரம்பித்தது. அந்த ட்ரெட்மில் வீடியோவைப் பொறுத்தவரை கையெழுத்துப் போட்ட காகிதம் பெரிய கம்பெனியுடையது, வேலை இண்டியினுடையது என்பது என் கட்சி. ஸ்ட்ரோக்ஸுக்கும் இதையே சொல்வேன். மாறாக, கோடிக்கணக்கில் செலவழித்து ஆட்களை வைத்து 'கராஜ்' செட் போட்டு, அதில் உதட்டசைத்துவிட்டுப் போகும் வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை.

நாங்கள் நாலு பேர், சொந்தப் பாட்டு இருக்கிறது, இரண்டு போன்தான் இருக்கிறது. எப்படி எடுப்பது? (வாசகர், புதுச்சேரி)

வழக்கமாக ஒத்திகை பார்க்கிற இடத்திலேயே எடுங்கள், மொட்டை மாடியோ ரயில் தண்டவாளமோ தேடிப் போகாதீர்கள். தண்டவாளம் ஆபத்து, சட்டப்படி குற்றமும் கூட. ஒரு போனை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து நாலு பேரும் தெரிகிற மாதிரி பாட்டு முழுவதையும் ஒரே டேக்கில் எடுங்கள், இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நண்பர் விரல்களையும் டிரம்ஸையும் மட்டும் எடுக்கட்டும். மேலே இருக்கும் ட்யூப் லைட்டை அணைத்துவிட்டுப் பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு விளக்கு போதும். ஒலியைப் போன் மைக்கில் விடாதீர்கள், ஒரு சின்ன ரெக்கார்டரோ மிக்ஸரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு லைனோ ஏற்பாடு செய்து, வாசித்த அதே டேக்கின் ஒலியைப் படத்தோடு சேருங்கள். ஆரம்பத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு தடவை கை தட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கினால் இரண்டு போனையும் ஒலியையும் பொருத்துவது சுலபம். எடுத்ததும் லிங்க் அனுப்புங்கள், கட்டாயம் பார்க்கிறேன்.