வாசகர் கேள்வி - பதில்: இரண்டு பேர், ஒரு மோட்டார் சைக்கிள், கொழும்பில் இசை நிகழ்ச்சி

கேள்வி: நானும் சிநேகிதனும் 150 சிசி மோட்டார் சைக்கிளில் கொழும்புக்கு ஒரு திறந்தவெளி இசை நிகழ்ச்சிக்குப் போகிறோம். மாலை ஆறரைக்குத் தொடக்கம். அன்று விடிய வெளிக்கிட்டால் காணுமா? முடிந்ததும் இரவோடிரவாகத் திரும்பலாமா? - வாசகர், சுன்னாகம்

பதில்: இரண்டாவதுக்கு முதலில் பதில்: திரும்ப வேண்டாம். நிகழ்ச்சி முடிந்து சனத்துக்குள்ளால் வெளியே வரவே நடுச்சாமம் ஆகிவிடும். அப்போது வெளிக்கிட்டால் புத்தளம் - அநுராதபுரம் வீதியை விடியப்புறம் இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் பிடிப்பீர்கள். மனித உடம்பு நித்திரைக்கு மிகவும் ஏங்கும் நேரம் அது. அந்த வீதி வில்பத்துக் காட்டின் ஓரமாகப் போகிறது, யானை குறுக்கிடும்.

அதைத் தாண்டினாலும் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை கட்டாக்காலி மாடுகள். இரவில் தார் சூடாகவும் ஈரமில்லாமலும் இருப்பதால் வீதியிலேயே படுத்துக் கிடக்கும். கறுப்பு மாட்டில் வெளிச்சம் பட்டுத் திரும்பாது. கணக்கைப் பாருங்கள்: டிம் வெளிச்சத்தில் ஏறக்குறைய 40 மீற்றர்தான் தெரியும். 70 கி.மீ. வேகத்தில் மாட்டைக் கண்டு பிறேக்கில் கை வைக்கும் ஒன்றரைச் செக்கனிலேயே 29 மீற்றர் போய்விடும். நல்ல தாரில் நிற்க இன்னும் 27 மீற்றராவது வேண்டும். 50 கி.மீ. வேகத்தில் என்றால் மொத்தமே 35 மீற்றர்தான். இருட்டில் 50ஐத் தாண்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

போவதற்கு: யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் வவுனியா 140 கி.மீ., மதவாச்சி தாண்டி ரம்பேவவில் அநுராதபுரத்துக்குத் திரும்பி, புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் கொழும்பு. மொத்தம் ஏறக்குறைய 400 கி.மீ. இருவர் ஏறிய வண்டிக்கு, இறங்கி ஏறும் நேரமும் சேர்த்து, 9 முதல் 10 மணித்தியாலம் எடுக்கும். காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் பிற்பகல் மூன்றரைக்குப் போய்ச் சேரலாம், ஆனால் முதல் பாட்டிலேயே கண் சொக்கும். முதல் நாளே போய்விடுங்கள். முதல் நாள் போக முடியாதென்றால் இரவு பஸ்ஸோ ரயிலோதான் சரி.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் எல்லாரும் இறங்குவார்கள். அங்கே தேங்காயும் உடைத்துக் கச்சானும் வாங்கி, ஓட்டும் ஆளை மாற்றுங்கள். இருவரிடமும் அனுமதிப்பத்திரம் இருந்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றி ஓட்டுவது நல்லது. மதியம் சோற்றை வயிறுமுட்டச் சாப்பிடாதீர்கள். கண் சொக்கினால் ஒரு கோப்பி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுத்து எழும்புங்கள். கோப்பி வேலை செய்யத் தொடங்க அரை மணித்தியாலம் வரை எடுப்பதால் இரண்டும் ஒன்றாகப் பலன் தரும். திரும்பும் நாளில் கொழும்பிலிருந்து காலை ஆறரைக்காவது வெளிக்கிட்டால் பொழுதுபடுவதற்குள் வீடு வரலாம்.

கேள்வி: இருவர் நெடுந்தூரம் போகும்போது வண்டியில் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? - வாசகர், சாவகச்சேரி

பதில்: ஒராள் ஓடும் வண்டியை அப்படியே இருவருக்குக் கொண்டுபோவதால்தான் பாதி வில்லங்கம். பின் ரயரின் காற்றைக் கூட்ட வேண்டும். பல 150 சிசி வண்டிகளுக்கு முன்னுக்கு 25, பின்னுக்கு ஆளிருந்தால் 32 பிஎஸ்ஐ அளவில் வரும். உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். வண்டி ஓடுமுன், ரயர் சூடாகாத நேரத்தில் பாருங்கள். காற்றுக் குறைந்தால் ரயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும், வெடிப்பது அங்கேதான்.

செயினை கராஜில் 'இறுக்கி விடுங்கோ' என்று சொல்லாதீர்கள். பின்னுக்கு ஆள் ஏறி ஸ்பிறிங் அமுங்கும்போது செயின் மேலும் இறுகும். ஏற்கெனவே இறுகியிருந்தால் பேரிங்கும் பற்சில்லும் தேயும். ஆளில்லாமல் நிறுத்தி, நடுப்பகுதியை மேலும் கீழும் தள்ளிப் பார்க்க 20 முதல் 30 மி.மீ. ஆடினால் பெரும்பாலும் சரி. சில்லைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள், செயின் ஒரே சீராகத் தேய்வதில்லை. 500 கி.மீ.க்கு ஒருமுறை ஒயில் விட வேண்டும், ஆகவே திரும்பும் காலையிலும் ஒருதரம்.

முன் விளக்கைப் பலர் மறந்துவிடுவார்கள். பின்னுக்குப் பாரம் ஏறினால் முகப்பு உயர்ந்து, வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், உங்கள் வீதி இருட்டாகும். இருவரும் பொதியோடு ஏறியிருந்து, சுவருக்கு 5 மீற்றர் எட்டத்தில் டிம் விளக்கைப் போட்டு, வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் நடு உயரத்துக்குச் சற்றுக் கீழே விழும்படி திருப்புங்கள்.

லீற்றருக்கு 40 கி.மீ. ஓடும் வண்டிக்கு ஒரு வழிக்கு 10 லீற்றர் பெற்றோல். தோளில் தொங்கும் பை பின்னுக்கு இருப்பவரைப் பின்னுக்கே இழுக்கும், பையின் அடி இருக்கையில் முட்டும்படி பட்டியைத் தளர்த்துங்கள். சால்வை, கட்டிய கயிற்றின் நுனி எதுவும் தொங்கக் கூடாது, செயின் இழுத்துவிடும். வளைவில் பின்னுக்கு இருப்பவர் ஓட்டுபவரோடு சேர்ந்து சாய வேண்டும், பயந்து மற்றப் பக்கம் சாய்ந்தால் வண்டி வெளியே ஓடும். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில், கொழும்புப் பக்கம் போகும்போது ஆனையிறவு வெட்டையில் காற்று வலப்பக்கத்தால் தள்ளும். அங்கே வேகத்தைக் குறைத்து, லொறி தாண்டும்போது கவனமாக இருங்கள். லொறி காற்றை மறைத்துவிட்டுப் போனதும் அடுத்த கணம் மொத்தமாக வந்து மோதும்.

கேள்வி: போன முறை இசை நிகழ்ச்சிக்குப் போய்வந்து இரண்டு நாள் காது இரைந்தது. பஞ்சு வைத்தால் போதுமா? முன்னுக்கு நிற்பதுதானே நல்லது? - வாசகர், நல்லூர்

பதில்: பஞ்சு போதாது. இரைச்சல் என்றால் காது அடி வாங்கியிருக்கிறது. தொழிலிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த அளவில் 85 டெசிபலை 8 மணித்தியாலம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். பாமசியில் விற்கும், அமுக்கினால் மெல்ல விரியும் ஸ்பொஞ்ச் காதடைப்பை வாங்குங்கள். விரலால் மெல்லிய திரிபோல உருட்டி, மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் இழுத்து, செருகி, விரியும்வரை 30 செக்கன் விரலால் பிடியுங்கள். பாதி வெளியே நின்றால் வேலை செய்யாது.

முன்வரிசையில் ஸ்பீக்கரின் அடியில் 'பாஸ்' என்ற தாழ்ந்த அதிர்வொலிதான் கேட்கும், பாடல் கேட்காது. ஒலியைச் சரிசெய்பவர் மிக்ஸர் மேசையில் நின்றுதான் கேட்டுக்கேட்டு அமைக்கிறார். அந்த மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

கேள்வி: சனத்துக்குள் சிநேகிதியைத் தவறவிட்டால்? - வாசகி, பருத்தித்துறை

பதில்: உள்ளே போகுமுன் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வாசல் வேண்டாம், அங்கேதான் நெரிசல். அழைப்பு எடுபடாவிட்டாலும் குறுஞ்செய்தி பெரும்பாலும் போகும். நுழைவுச்சீட்டின் கியூஆர் படத்தை வீட்டிலேயே இரு போனிலும் சேமியுங்கள். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119.