மேல்வீட்டு மழை, கீழ்வீட்டு வெள்ளம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீடு சரிவில் கீழ்ப்பக்கம். மாமனார் காலத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் வாசலோடு போய்விடும். மேல்வீட்டுக்காரர் முற்றம் முழுக்க பேவிங் (சிமென்ட் கல் தரை) போட்டு, பின்னால் வாடகைக்கு இரண்டு அறையும் கட்டினார், இப்போது பலத்த மழை என்றாலே சமையலறைக்குள் தண்ணீர். மழை கூடிவிட்டதா, கட்டடம் கூடிவிட்டதா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: இரண்டும்தான் அம்மா. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியதே, அப்படிப்பட்ட மழை வரும் வாய்ப்பு பூமி சூடேறியதால் ஏறக்குறைய இருமடங்காகிவிட்டது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். ஆனால் உங்கள் சமையலறைக்கு வருவது அந்த மழை இல்லை, மேல்வீட்டு பேவிங்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் முற்றத்தில் 50 மி.மீ. பெய்தால் பத்தாயிரம் லிட்டர். புல்லும் மண்ணுமாக இருந்தபோது அதில் பெரும்பங்கு உள்ளே இறங்கியிருக்கும், மிச்சமும் மெதுவாகத்தான் வரும். பேவிங்கில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு அப்படியே ஓடிவரும், அதுவும் தெருவில் எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒரே நேரத்தில். இந்த 'ஒரே நேரம்'தான் வில்லன். 1960களில் சாட்ஸ்வொர்த் எழும்பியபோது வீட்டைச் சுற்றி மாமரமும் மிளகாய்ப் பாத்தியும் வைக்க மண் இருந்தது. இன்று எத்தனை முற்றத்தில் மண் தெரிகிறது?

இன்னொரு காரணமும் இருக்கலாம்: அடுத்த மழையில் குடையோடு போய் மேன்ஹோல் மூடியைப் பாருங்கள். மூடி மெல்ல மேலெழும்பி, சாம்பல் நிறத் தண்ணீரில் டாய்லெட் பேப்பர் மிதந்து வந்தால், யாரோ கூரைக் குழாயைச் சாக்கடையில் சேர்த்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரவேண்டும். இங்கே சாக்கடைக்கு ஒரு குழாய், மழைநீருக்கு வேறு குழாய். இரண்டையும் இணைப்பது சட்டப்படி குற்றம்.

மேல்வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு ஜோஜோ தொட்டி (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) வைக்கச் சொல்லிப் பாருங்கள். 50 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. பெய்தால் 2,500 லிட்டர், சரியாக ஒரு 2,500 லிட்டர் தொட்டி. ஆனால் மழைக்கு முன்பே நிறைந்து நிற்கும் தொட்டியால் ஒரு பிரயோஜனமும் இல்லை, காலி செய்து வைக்க வேண்டும். பேச்சு எடுபடாவிட்டால் மாநகராட்சிக்குப் போய், அந்த அறைகளுக்கு பிளான் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். மனையில் விழும் மழைநீருக்கு வழி செய்யவேண்டும் என்று தேசியக் கட்டட விதிகளிலேயே இருக்கிறது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: தண்ணீரைத் தடுக்கிறேன் என்று எல்லையில் கசிவோட்டை இல்லாத சுவர் எழுப்பாதீர்கள், பின்னால் ஊறிய மண் அதை உங்கள் பக்கமே தள்ளும்.

கேள்வி: பாட்டி 'டின் டவுன்' என்ற தகரக் குடிசைப் பகுதியில் வந்த வெள்ளத்தில் வீட்டை இழந்து இங்கே வந்தவர். அதற்கும் நகர வளர்ச்சிதான் காரணமா?
– வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: அது வேறு கதை. 1976இல் உம்கேனி ஆறு பொங்கியது, டின் டவுன் இருந்ததோ ஸ்பிரிங்ஃபீல்டில், ஆற்றின் வெள்ளச் சமவெளியில். ஆறு தன் இடத்துக்கு வந்தது, அவ்வளவுதான். அங்கே இருந்த குடும்பங்கள்தான் ஃபீனிக்ஸின் முதல் குடியேறிகள். எனக்குப் புரியாதது அதற்குப் பிறகு நடந்ததுதான்: குடியிருக்க ஆபத்தான இடம் என்று மக்களைக் கிளப்பிய அதே ஸ்பிரிங்ஃபீல்டில் இன்று கிடங்கும் கடையும் கார் நிறுத்தமும். அந்தத் தார்த்தரையில் விழும் மழையும் இப்போது உம்கேனிக்குத்தான் போகிறது.

கேள்வி: ஆறுகளை முழுக்க சிமென்ட் கால்வாய் ஆக்கிவிட்டால் பிரச்சினை தீராதா?
– வாசகர், டர்பன்

பதில்: உங்களுக்குத் தீரும், கீழே இருப்பவருக்குத் தொடங்கும்: சிமென்டில் தண்ணீர் வேகமாக ஓடி, கீழே ஒரே நேரத்தில் சேரும், குப்பையையும் இழுத்துக்கொண்டு. உம்பிலோ ஆறும் உம்ஹ்லதுசானா ஆறும் கால்வாயாகத்தான் டர்பன் துறைமுகத்தில் விழுகின்றன. பெருமழை முடிந்த மறுநாள் அங்கே போய்ப் பாருங்கள், நாம் தெருவில் போட்ட பாட்டில் எல்லாம் மிதக்கும்.