மறு: கணினி 11% என்று காட்டுகிறது, ஸ்டேட்டின் எடுக்க வேண்டுமா?

வணக்கம். லண்டனில் உங்கள் குடும்ப மருத்துவரின் கணினி, அடுத்த பத்தாண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு 11% என்று காட்டி, ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மருந்தான ஸ்டேட்டினைப் பரிந்துரைத்ததாகவும், நலமாக இருக்கும்போது அதை ஏற்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் தயக்கம் நியாயமானதே. அங்கு வழக்கமாகப் பயன்படும் கணிப்பான் கியூரிஸ்க்3. உங்களைப் போன்ற நூறு பேரில் ஏறத்தாழ 11 பேர் பாதிக்கப்படலாம் என்பதே அந்த எண்ணின் பொருள். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல், ஸ்டேட்டின் பரிந்துரைப்பதற்கான வரம்பை 2014இல் 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைத்ததால்தான் நீங்கள் பட்டியலுக்குள் வருகிறீர்கள்.

கணிப்பானுக்குள் என்னென்ன விவரங்கள் சென்றன என்பதையே மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். வயது, ரத்த அழுத்தம், கொழுப்பு விகிதம் ஆகியவற்றோடு அஞ்சல் குறியீட்டையும் இனப்பிரிவையும் அது கணக்கில் கொள்கிறது. இனப்பிரிவு குறிப்பிடப்படாவிட்டால் வெள்ளையருக்குரிய கணக்கையே போடும். இலங்கைத் தமிழர் என்று எழுதியிருந்தீர்கள். நமக்கென்று தனிப் பிரிவு அதில் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் குறை, 'பிற ஆசியர்' என்பதில்தான் சேர வேண்டியிருக்கிறது. பழைய ரத்த அழுத்த அளவு பதிவாகியிருந்தாலும் எண் மாறிவிடும்.

விவரங்கள் சரியாக இருந்தால், உணவையும் உடற்பயிற்சியையும் சீர்செய்துவிட்டு மறுமதிப்பீடு கேட்க அந்த வழிகாட்டுதலே இடமளிக்கிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இளவயதில் இதயநோய் வந்திருந்தால் மட்டும், காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவது குறித்து மருத்துவரிடம் பேசுங்கள் என்பதே என் கருத்து.