மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு தோட்டத்துக்குப் போகும் அப்பா

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. விடியக்காலம் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மஞ்சளுக்குத் தண்ணி கட்டப் போய்விடுகிறார். சாப்பாடு பத்து மணிக்கு மேல்தான். இரண்டு தடவை கைகால் நடுங்கி, சட்டை நனைய வேர்த்து, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “சர்க்கரைக்காரன் இனிப்புத் திங்கலாமா?” என்று நாட்டுச்சர்க்கரையைத் தொட மறுக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, கோபி

பதில்: அந்த நேரத்தில் இனிப்புத்தான் அவருக்கு மருந்துங்க அம்மா. வெயில் மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிறு காலியாக இருந்தாலும் அது நிற்காது. மண்வெட்டி பிடித்து வேலை செய்கையில் தசைகளும் சர்க்கரையை இழுக்கும். ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெசிலிட்டருக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே ஆபத்து. பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், நினைவே தப்பலாம்.

நடுக்கம் வந்தால் குளுக்கோமீட்டரைத் தேடி வீட்டுக்கு ஓட வேண்டாம். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரை, சுமார் 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சாப்பாடு. கடலைமிட்டாய் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் ஆகும். ஆனால் முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள். கிளிமிபிரைடோடு வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரைகள் நிறைய உண்டு. வோக்லிபோஸ், சீனியும் நாட்டுச்சர்க்கரையும் குடலில் உடைவதைத் தடுத்துவிடும். அப்படியானால் குளுக்கோஸ் பவுடர்தான் கைகொடுக்கும். எப்படியும் ஒரு பொட்டலம் அவர் சட்டைப்பையிலும், இன்னொன்று மோட்டார் ரூமிலும் இருக்கட்டும். தோட்டத்து ஆட்களுக்கும் சொல்லி வையுங்கள்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108க்குக் கூப்பிடுங்கள். தெளிந்துவிட்டாலும் அவரே டிவிஎஸ் 50 ஓட்டி வரக் கூடாது. இந்த மாத்திரையின் வேகம் நாள் முழுக்க இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இன்னும் நீளும். மறுபடி இறங்கலாம் என்பதால் அன்றிரவு படுக்கும் முன்பும் பரிசோதியுங்கள்.

இதெல்லாம் வந்த பிறகு செய்வது. வராமல் இருக்க, மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடு மட்டும் போடட்டும். பத்து மணிக்குத்தான் சாப்பாடு என்றால் மாத்திரையும் பத்து மணிக்கே. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆனால் இரண்டு தடவை வந்தாகிவிட்டது, இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். பிரஷர் மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள். அட்டினோலால் போன்றவை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வேர்வை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லி, அளவைக் குறைப்பதா, சர்க்கரையை இப்படி இறக்காத வேறு மாத்திரைக்கு மாற்றுவதா என்று கேளுங்கள்.