மேட்டு விளைக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய்க்கு எந்த வால்வு பொருத்தம்?

கேள்வி: திருவட்டாருக்கு அருகே சரிவான எங்கள் விளையில் வாழையும் தென்னையும் நிற்கின்றன. கீழே கிணற்றங்கரையில் 2 எச்.பி. மோட்டாரும், அதிலிருந்து 28 மீட்டர் உயரத்தில் 5,000 லிட்டர் தொட்டியும் உள்ளன. குழாய் 63 மி.மீ. பி.வி.சி., 4 கிலோ வகை (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அழுத்தம் தாங்குவது). தொட்டி நிரம்ப 35 நிமிடம் ஆகும். ஓடும்போது கரண்ட் போனால் 'டம்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. மோட்டாரின் இரும்பு நிப்பிள் (மரையுள்ள குட்டைக் குழாய்) பி.வி.சி. குழாயுடன் சேரும் இடம் மூன்று முறை பிளந்துவிட்டது. கேட் வால்வு (திருகினால் தகடு இறங்கி மூடும் வகை) வைத்தால் சரியாகும் என்கிறார் பிளம்பர். வைக்கலாமா? குளச்சலில் உள்ள எங்கள் வீட்டில் ஹோஸ் கிளிப்புகள் விரைவில் துருப்பிடித்து, ஹோஸும் கழன்றுவிடுகிறது. அங்கு எதைப் போடுவது?

பதில்: கேட் வால்வு வைப்பதில் தவறில்லை; ஆனால் உங்கள் குழாய் பிளப்பதற்கு அது மருந்தாகாது, ஏனெனில் கரண்ட் போகும் நொடியில் அதைத் திருகி மூட அங்கே யாரும் நிற்கப்போவதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும் என்பதால், உங்கள் குழாயின் அடிப்பகுதி தண்ணீர் அசையாமல் நிற்கும்போதே 2.8 கிலோவைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொல்லும் நேரத்தில் தொட்டி நிரம்புகிறது என்றால், குழாய்க்குள் தண்ணீர் நொடிக்கு சுமார் 0.85 மீட்டர் வேகத்தில் மேலேறுகிறது. மோட்டார் சட்டென்று நிற்கும்போது மேலேறிய தண்ணீர் தயங்கி, திரும்பி இறங்கி, அதைப் பின்னால் விடாமல் மூடிக்கொண்ட வால்வின் முதுகில் மோதுகிறது. நீங்கள் கேட்கும் 'டம்' அதுதான். பி.வி.சி. குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் திடீரென அடங்கினால் 3 முதல் 4 கிலோ வரை அழுத்தம் கூடுதலாக எழும். ஆகவே வால்வு தாமதமாகப் படீரென்று மூடும் மோசமான நிலையில், உங்கள் இணைப்பு தாங்க வேண்டியது 5 கிலோவுக்கு மேல். குழாயின் வகையோ 4 கிலோ. அந்த 4 கிலோவும் 27 டிகிரி வெப்பநிலைக்கு உரிய கணக்கு. பகல் வெயிலில் சூடேறிய குழாய் அதைவிடக் குறைவாகவே தாங்கும்.

எனவே வால்வைப் பற்றி யோசிக்கும் முன், சரிவின் கீழ்ப்பாதிக் குழாயை 10 கிலோ வகைக்கு மாற்றுங்கள். மேற்பாதிக்கு 6 கிலோ போதும். உயரம் குறையக் குறைய நிற்கும் அழுத்தமும் குறைகிறது, தொட்டியை நெருங்க நெருங்க மோதலும் தணிகிறது. குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் ஐ.எஸ். 4985 என்ற தர எண்ணையும் அழுத்த வகையையும் கடையிலேயே வாசித்துப் பாருங்கள். எல்போ போன்ற பிட்டிங்குகளும் (இணைப்புத் துண்டுகளும்) அதே வகையில் இருக்க வேண்டும். 10 கிலோ குழாயில் 4 கிலோ எல்போ ஒன்றை ஒட்டினால் வரிசை முழுவதும் 4 கிலோதான்.

அடுத்தது நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு. கிணற்றுக்குள் உறிஞ்சு குழாயின் நுனியில் இருக்கும் ஃபுட் வால்வை மட்டும் நம்பியிருந்தால், திரும்பி வரும் தண்ணீரின் அடி முழுவதும் மோட்டாரின் உடலுக்குள் இறங்கும். மோட்டாரை விட்டு வெளியே வந்ததும் ஸ்பிரிங் வைத்த நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். கதவு போல ஆடும் மடல் உள்ள வகை, தண்ணீர் திரும்பி ஓடத் தொடங்கிய பிறகே படீரென்று மூடும். ஸ்பிரிங் வகையோ ஓட்டம் தளரும்போதே தானாக மூடிவிடுவதால் அந்த அடி வெகுவாகக் குறையும். பிளம்பர் சொன்ன கேட் வால்வுக்கு உரிய இடம் அதற்கு அடுத்தது: குழாயில் நிற்கும் தண்ணீரை வடிக்காமல் நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். செம்மண் கலங்கல் வரும் நம் மலையடிவாரக் கிணறுகளில் அந்த வேலை அடிக்கடி தேவைப்படும். மோட்டாருக்கும் இவற்றுக்கும் நடுவே ஒரு யூனியனும் (குழாயை வெட்டாமல் கழற்ற உதவும் இணைப்பு) இருக்கட்டும். கேட் வால்வைப் பாதி திறந்து வைத்துத் தண்ணீரின் அளவைக் குறைக்காதீர்கள். அதன் தகடு அதிர்ந்து அதிர்ந்து இருக்கை தேய்ந்துவிடும். வாழைப் பாத்திகளுக்குப் பிரியும் கிளைகளில் பி.வி.சி. பால் வால்வு போதும். ஆனால் கால் சுற்றில் மூடிவிடும் அதை மெதுவாகத்தான் மூட வேண்டும், இல்லையென்றால் அதே 'டம்' அங்கும் கேட்கும்.

பிளந்த இடம் இரும்பு நிப்பிளைப் பிளாஸ்டிக் பிட்டிங்குக்குள் முறுக்கிய இடம் என்பதே எனக்குப் பெரிய துப்பு. மரை ஆப்புப் போல உள்ளே ஏறும். ரெஞ்சு வைத்து இறுக்க இறுக்கப் பிளாஸ்டிக் வெளிப்பக்கம் விரிந்து, கண்ணுக்குத் தெரியாத கீறலோடு நாள் எண்ணிக்கொண்டிருக்கும். உலோகம் வெளியேயும் பிளாஸ்டிக் உள்ளேயும் வருமாறு மாற்றுங்கள், அதாவது இரும்பு சாக்கெட்டுக்குள் பி.வி.சி. வெளிமரை ஏறட்டும். அது முடியாவிட்டால், பித்தளை மரை பதித்த பிட்டிங் வாங்குங்கள். டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றி, கையால் இறுகிய பிறகு ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று போதும். சணலும் பெயின்டும் வைக்கும் பழைய பழக்கம் இரும்புக்கு இரும்பு சேரும் இடத்துக்கு உரியது. பிளாஸ்டிக்கில் அது வேண்டாம்.

இன்னொரு கண்ணி அளவில் இருக்கிறது. விவசாயக் குழாயில் 'இரண்டு அங்குலம்' என்று கேட்டால் வெளிவிட்டம் 63 மி.மீ. உள்ளதைத் தருவார்கள், வீட்டுப் பிளம்பிங் வகையில் அதே 'இரண்டு அங்குலம்' 60.3 மி.மீ. ஒன்றன் பிட்டிங் மற்றொன்றில் சேராது. தொளதொளவென்று இருக்கும் இணைப்பைப் பசை நிரப்பிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உடைந்த துண்டு ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வதே நல்லது.

ஹோஸுக்கு இந்தக் கணக்கு தலைகீழ்: குழாயை வெளிவிட்டத்தால் அளப்போம், ஹோஸை உள்விட்டத்தால் அளப்போம். ஹோஸ் கழன்று விழுவதற்குப் பெரும்பாலும் கிளிப்பைவிட அளவு சிறிய நிப்பிளே காரணம். வெந்நீரில் ஹோஸ் நுனியைச் சிறிது முக்கிய பிறகு சற்றுச் சிரமப்பட்டு ஏறினால்தான் அளவு சரி. குளச்சலின் உப்புக் காற்றில் துத்தநாகம் பூசிய கிளிப் நெடுநாள் நிற்காது. 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பழுப்புப் புள்ளிகள் விழும் என்பதால், கடலுக்கு மிக அருகில் என்றால் 316 வகையைக் கேளுங்கள். வால்வு வாங்கும்போது மலிவான பித்தளையை விட கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் முக்கியமாகக் கலந்த உலோகம்) நல்லது, ஏனெனில் துத்தநாகம் மிகுந்த பித்தளையிலிருந்து அந்தத் துத்தநாகம் மெல்லக் கரைந்து வெளியேறி, மிஞ்சும் செம்பு பொறைபோலத் தொட்டால் உதிரும். அந்த வால்வை ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் நேரடியாக முறுக்கினால் இரண்டு உலோகங்களும் சேரும் இடத்தில் ஜி.ஐ. பக்கம் முதலில் அரிக்கும். நடுவே ஒரு பிளாஸ்டிக் நிப்பிள் வைத்தால் அது நடக்காது.

திருவட்டார் வேலையை முடித்ததும், பசை ஒட்டிய இணைப்புகளுக்கு 24 மணி நேரம் விட்டு மோட்டாரைப் போடுங்கள். தண்ணீர் தொட்டியை எட்டிய பிறகு சுவிட்சை அணைத்து, கீழே நின்று காது கொடுங்கள். சத்தம் அப்போதும் பலமாகக் கேட்டால், குழாய் சரிவில் எங்காவது மேடு ஏறி இறங்குகிறதா என்று நடந்து பாருங்கள். அந்த மேட்டின் உச்சியில், அங்கே தேங்கும் காற்றை வெளியேற்ற ஒரு ஏர் வால்வு தேவைப்படும்.