அப்பாவின் கொள்கை, அம்மாவின் நம்பிக்கை

கேள்வி: அப்பா பெரியார் வழி. 'சடங்கு கூடாது, உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுங்கள்' என்கிறார். அம்மா மீனாட்சியம்மன் பக்தை. நாளை சண்டை வருமோ? - வாசகி, மேலூர்

பதில்: வரும், இப்போதே பேசாவிட்டால். சண்டை போடுவது பெரும்பாலும் பங்காளிகளாக இருக்கும். அப்பா இரண்டு சாட்சிகளோடு எழுதி, மதுரை மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் பதியட்டும். அம்மாவும் கையெழுத்திடட்டும். கடைசி நேரத்தில் குடும்பம் மறுத்தால் எழுதியது வெறும் தாள்தான். பிரேதப் பரிசோதனை செய்த உடலைப் பொதுவாக ஏற்பதில்லை. அப்படியானால் மதுரை தத்தனேரி மயானமா, சொந்த ஊர் மயானமா என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

கண்தானமும் செய்வதென்றால், இறந்த பின் 6 மணி நேரம்தான் அவகாசம். இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையணையால் தலையைச் சற்று உயர்த்துங்கள். மின்விசிறியை நிறுத்தி, உடனே அரவிந்த் கண் வங்கிக்குச் சொல்லுங்கள். மருத்துவரின் இறப்புச் சான்று தயாராக இருக்கட்டும். இறப்பைப் பதிய 21 நாள் அவகாசம் உண்டு.

அம்மா விளக்கேற்றி, 16-ஆம் நாள் படையல் போட்டால் தடுக்காதீர்கள். உடல் அப்பாவின் முடிவு, துக்கம் அம்மாவுடையது. நீர்மாலை, கொள்ளிக்குடம் மட்டும் வேண்டாம் என்று அப்பாவே அவரிடம் நேரில் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் எடுபடாது.