பேசும் மொழி நம் நடத்தையை மாற்றுமா?

மாற்றும் என்றே நினைக்கிறேன்; ஆனால் மொழி மட்டுமே காரணமில்லை. ஆஸ்திரேலியாவின் வடக்குக் குயின்ஸ்லாந்தில் வாழும் கூகு யிமிதிர் மக்களைப் பாருங்கள். (1770-இல் கேப்டன் குக்கின் குழுவினர் 'கங்காரு' என்ற சொல்லை இவர்களிடமிருந்துதான் குறித்துக்கொண்டார்கள்.) அவர்களுடைய மரபுப் பேச்சில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று வழி சொல்வதில்லை. 'உன் மேற்குக் காலருகே எறும்பு' என்பதுபோல எல்லாம் திசைதான். அப்படிப் பேச, வீட்டுக்குள்ளும் இருட்டிலும் வடக்கு எது என்று மனம் ஓயாமல் கணக்கு வைத்திருக்க வேண்டும். படகு கவிழ்ந்த பழைய கதையைச் சொல்லும்போதுகூட, அது கவிழ்ந்த திசைக்கே கை நீளும்.

நம் கிராமங்களிலும் 'சற்றுக் கிழக்கே தள்ளி உட்கார்' என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்களின் நகரத்துப் பேரப்பிள்ளைகளுக்கு, அதே தமிழில், இடமும் வலமும்தான் வாயில் வருகின்றன.